நேர்மைக்கு இருபத்தைந்து மார்க்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நடந்த மாபெரும் நிகழ்ச்சி, தலைமையாசிரியர் மூன்று நாள் கருத்தரங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பியதுதான். வெறுங்கையோடு போனவர், வரும்போது ஓர் உண்மையோடும் ஒரு தோல்பையோடும் வந்தார். பை இலவசம்.

“நுழைவுத் தேர்வு மார்க்கை வெச்சு ஒரு பிள்ளை நல்லாப் படிக்குமான்னு சொல்ல முடியாது. குணமும் உழைப்பும்தான் சொல்லும்!” என்று ஆசிரியர் கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

கணக்கு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவந்தது இதைத்தான். அவர் வகுப்பில் ‘ரப்பர்’ என்று பேர் வாங்கிய ஒரு பெண் இருந்தாள். விடையில் சந்தேகம் வந்தால் தாள் கிழிகிற வரை அழித்து அழித்துப் போடுவாள். கடிகாரம் பார்த்து நடக்கும் எந்தத் தேர்விலும் அவள் கடைசிப் பக்கத்தைக் கண்டதில்லை. ஆனால் புரியாத கணக்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

“அப்போ இனிமே நுழைவுத் தேர்வு கிடையாதா சார்?”

“கிடையவே கிடையாது! அதுக்குப் பதிலா, குணத்துக்கும் உழைப்புக்கும் ஒரு தேர்வு.”

“யாரு உழைக்கிறாங்கன்னு வகுப்புல பார்த்தாலே தெரியுமே சார்?”

“கண்ணால பார்த்தா அது அபிப்பிராயம், டீச்சர். தாள்ல டிக் அடிச்சா அது ‘அளவீடு’.”

அளவீடு தயாரானது. உழைப்பு, பொறுமை, ஒழுங்கு, நேர்மை. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மார்க். ‘நான் எடுத்த வேலையை முடிப்பேன்’, ‘நான் உண்மையே பேசுவேன்’ என்று வரிசையாக வாக்கியங்கள். எதிரே எப்போதும், பெரும்பாலும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று நான்கு கட்டங்கள். அறிவியல் பிரிவுக்கு அறுபது வேண்டும். முன்மாதிரியாக ஆசிரியர்களும் எழுத வேண்டும் என்று உத்தரவானது. திருத்த வேண்டிய நோட்டுகள் மலையாகக் கிடந்ததால், கணக்கு டீச்சர் வாக்கியங்களைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ போட்டு ஆறே நிமிஷத்தில் எழுந்துவிட்டார்.

எதிர்த் தெரு டியூஷன் சென்டரும் காலத்துக்கேற்ப உயர்ந்தது. ‘பதினைந்தே நாளில் கடின உழைப்பு! சிரமப்படத் தேவையில்லை!’ என்று போர்டு மாட்டினார்கள்.

தேர்வு நாளன்று கடைசி பெஞ்சு முழுவதும் நேர்மைப் பகுதியைப் பக்கத்துத் தாளில் பார்த்து எழுதி, ஒரே மாதிரி இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியது. ரப்பர் மட்டும் ‘சில சமயம்’ என்று டிக் அடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் விளக்கம் வேறு எழுதியிருந்தாள்: ‘போன மாதம் பன்னிரண்டாம் தேதி வீட்டுப்பாடம் செய்யவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் காலையிலேயே விட்டுவிட்டது.’

திருத்த உட்கார்ந்த கணக்கு டீச்சர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு, பதினாறு, பதினாறு, நேர்மைக்கு ஒன்பது. மொத்தம் ஐம்பத்தெட்டு. வாழ்க்கையில் கூட்டலில் தவறியே இராத அந்தக் கை, கீழே ‘60’ என்று எழுதியது.

பெற்றோர் கையெழுத்துக்காகத் தாள்கள் வீட்டுக்குப் போயின. மறுநாள் காலை ரப்பர் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

“மிஸ், கூட்டல்ல ரெண்டு மார்க் அதிகமா வந்திருக்கு.”

“கணக்கு டீச்சருக்கே கூட்டல் சொல்லித் தர்றியா? போ, போய் வகுப்புல உக்காரு.”

“மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன் மிஸ். அம்மா வேற சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டாங்க. அதான் ராத்திரி சாப்பிடவே முடியல.”

“அடியேய், கொஞ்சம் மெதுவாப் பேசு!”

அதற்குள் வாசலில் தோல்பை தெரிந்தது. தலைமையாசிரியர் தாளை வாங்கினார், விரல் விட்டுக் கூட்டினார், உருகிப்போனார்.

“தன் மார்க்கைத் தானே குறைக்கச் சொல்ற பிள்ளையை நான் பார்த்ததே இல்லம்மா! இதுவல்லவா குணம்!” பிறகு சிவப்புப் பேனாவால் அறுபதை அடித்தார். “ஆனா என்ன பண்றது? நேர்மையில நீ இருபத்தஞ்சுக்கு ஒம்பதுதானே. அளவீடு அப்படிச் சொல்லுதே! டீச்சர், இது கை தவறி நடந்ததுதானே?”

வேண்டுமென்றேதான் போட்டேன், இந்தப் பிள்ளைக்கு இடம் கொடுக்காவிட்டால் வேறு யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்கத்தான் கணக்கு டீச்சர் வாயைத் திறந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது.

“ஆமா சார். கை தவறிடுச்சு.”

“பரவாயில்ல மிஸ், எனக்கும் அப்பப்போ கூட்டல் தப்பும்” என்று ரப்பர் ஆறுதல் சொன்னாள்.

அன்று மதியம் பள்ளி அரங்கில் ஆசிரியர்களின் முடிவு அறிவிக்கப்பட்டது. நேர்மைக்கு முழு மார்க் வாங்கிய கணக்கு டீச்சர் மேடை ஏறிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். பள்ளியே கைதட்டி ஓய்ந்தது. ஒரே ஒருத்தி மட்டும், டீச்சர் படியிறங்கித் தன் நாற்காலியில் உட்காரும் வரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். எதையும் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.