ஏழாம் நம்பர் மேசையின் பெயர்க்காரணம்

மொன்றியலில் வில்லரேக் கத்தோலிக்கக் கோயிலின் பல்லின விழாவுக்கு மேசை ஒதுக்கும் பொறுப்பு அம்புறோசிடம் வந்தது. ஊரிலே அரசாங்கக் கச்சேரியில் பதினொரு வருடம் கோப்புக் கோவைகள் கட்டிய மனுசன் சும்மா ஒதுக்குவாரா? "மேசை கோரும் சமூகம் தன் பெயரின் பொருளையும் தோற்றத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டுமென இத்தால் அறியத்தருகிறேன்" என்று சுற்றறிக்கை விட்டார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. படிவம் அவ்வளவு அழகாக இருந்தது.

முதலில் வந்தவள் மரிசெல். பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பிலிப்பினோப் பெண். அவளுடைய அம்மா முதன்முறையாக மொன்றியல் வருகிறாள். ஏழாம் மேசையில், 'பிலிப்பினோ' என்ற அட்டைக்குக் கீழே அம்மாவை உட்கார வைக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. பாவம், உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள்: ஸ்பெயின் அரசன் பிலிப்பின் பெயரை நாட்டுக்கு வைத்தார்கள், அதிலிருந்து பிலிப்பினோ.

"ராசா அங்கை வந்தவரோ?"

"எட்டியும் பார்க்கவில்லை."

"அப்ப பேர் அவையின்ரை. நீங்கள் ஸ்பெயின் மேசை."

"ஐயோ! முதலில் அங்கே பிறந்த ஸ்பானியர்களைத்தான் பிலிப்பினோ என்றார்கள். எங்களை இந்தியோ என்றார்கள்."

அம்புறோசின் முகம் மலர்ந்தது. "அதை முதலே சொல்லியிருக்கலாமே. இந்திய மேசை!"

மரிசெலுக்குக் கண் கலங்கியது. அம்புறோசுக்கும் மனம் கேட்கவில்லை. ஆனாலும் முத்திரை குத்தினார்.

"எங்கட படிவம் எங்கை?" என்றாள் மனைவி றெஜினா.

"தமிழ் எண்டால் இனிமை. எழுதும்."

"எங்கட வாட்சப் குழு அன்டன் அண்ணை வேறை விளக்கம் எல்லோ சொல்லுறவர்?"

கோயில் தமிழரின் அந்த வாட்சப் குழுவில் கேட்டார்கள். மூன்று நாளில் ஒன்பது விளக்கங்கள் வந்தன. நாலு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அன்டன் தனிக் குழு தொடங்கினார். வெள்ளி பின்னேரம் றெஜினா, 'தோற்றம்: தகராறில் உள்ளது' என்று எழுதி நீட்டினாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று. அம்புறோஸ் தன் கையாலேயே 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை, இருநூறு வடையோடு கணவனும் மனைவியும் மண்டபத்தின் நடுவே நின்றார்கள். இந்திய மேசையின் ஓரத்தில் மரிசெல் அம்மாவோடு இருந்தாள். அட்டையின் பின்பக்கத்தில் 'பிலிப்பினோ' என்று தானே எழுதி நிறுத்தியிருந்தாள். அவர்களைக் கண்டதும் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

"யார் இவர்கள்?" என்று கேட்டாள் அம்மா.

"நல்ல மனிதர்கள், அம்மா. இன்னும் பெயர் கிடைக்கவில்லை."

"அடடா," என்று அம்மா இரக்கத்தோடு ஒரு வடையை எடுத்தாள். "எங்களைப் போல ஒரு ராஜா கூடவா அகப்படவில்லை?"