வெந்நீர்க் குழாயருகே வைத்த பீப்பாய்

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராதோயே அவர்களுக்கு,

நீங்களும் பிளம் மரங்களும் இரண்டு பன்றிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நிஷ் நகரில் நானும் உயிரோடிருக்கிறேன். உங்கள் தங்கை லியூபிங்கா வியன்னாவிலிருந்து திரும்பும் வியாழக்கிழமை வரை அதில் மாற்றம் இராது.

பிறந்த பேத்தியைப் பார்க்க அவள் புறப்பட்டபோது என்னிடம் ஒப்படைத்தது வீட்டையல்ல, கட்டடத்தின் பொது நிலவறையிலிருக்கும் எங்கள் முட்டைக்கோஸ் பீப்பாயை. மூடியைத் திறக்கவே கூடாது, அடிவரை செருகிய ரப்பர் குழாயில் வாயை வைத்து நாள் தவறாமல் ஊத வேண்டும், உப்புநீர் மேலும் கீழும் புரளாவிட்டால் கோஸ் கெட்டுவிடும் என்றாள். ஊதினேன் மச்சான். ஆயுள் முழுக்கப் பள்ளியில் புவியியல் கற்பித்த வாயால் ஊதினேன். முதல் நாளே தொட்டுப் பார்த்தால் பீப்பாய் சில்லென்றிருந்தது. பாவமே என்று அதை அணைத்து நகர்த்தி, வெந்நீர்க் குழாயருகே வைத்து, என் பழைய மேல்கோட்டையும் போர்த்திவிட்டேன். நன்றிக்கடனாக அது நாற ஆரம்பித்தது. புளித்த கோஸுக்குரிய கௌரவமான நாற்றம் அல்ல. இரண்டாம் மாடிக்காரர், கட்டடத்தில் யாராவது தனியாக இறந்து கிடக்கிறார்களா என்று கதவு கதவாகத் தட்டினார். என் கதவை மட்டும் இருமுறை தட்டினார். எதிர்வீட்டு தெசாங்காவுக்கும் லியூபிங்காவுக்கும் கோஸ் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "என்னண்ணே, லியூபிங்கா ஊர்ல இல்லங்கிறது மூக்குக்கே தெரியுதே. எங்க பீப்பாய வந்து மோந்து பாருங்க, கோயில் மாதிரி மணக்குது" என்றார். நேற்று மூடியைத் திறந்துவிட்டேன். தொட்ட இலை விரலோடு கூழாக வந்தது.

சனிக்கிழமை எங்கள் குடும்பப் புனிதர் நிகோலாவின் திருநாள். அதற்கு நாம் யாரையும் அழைப்பதில்லை, ஆகவே எல்லோரும் வருவார்கள். நோன்புக்காலமாதலால் இறைச்சியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. மீனும், புளித்த கோஸ் இலையில் அரிசியும் அக்ரூட்டும் வைத்து மடித்த சர்மாவும்தான். மடிக்க இலை இல்லை. சிலர் கடையில் கோஸ் வாங்குகிறார்களாமே என்று, யாருக்காகவோ கேட்பதுபோல் லியூபிங்காவிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். "ஏன், அந்த வீட்டுப் பொம்பள செத்துட்டாளா?" என்றாள். உங்கள் பீப்பாயிலிருந்து பத்துப் பதினைந்து கோஸை எடுத்து, யாருக்கும் தெரியாமல் பேருந்தில் ஏற்றி அனுப்பி என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் புனிதர் நீண்ட ஆயுளும் கெடாத கோஸும் அருளட்டும்.

தங்கள் அன்புள்ள,
வித்தோமிர்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நிலவறைக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். கெட்ட பீப்பாயில் கோஸை அழுத்திக்கொண்டிருப்பது ஒரு பளிங்குத் துண்டு. எங்களுடையதில் இருக்க வேண்டியது நீங்கள் ஆற்றிலிருந்து எடுத்துக் கொடுத்த கருங்கல். அருகருகே இருந்த இரண்டும் நீலப் பீப்பாய்கள். நான் கோட்டுப் போர்த்தி வளர்த்தது தெசாங்காவுடையதை. பழைய இடத்தில் மிஞ்சிய ஒன்றைத் தன்னுடையது என்று நினைத்து அவர் தினமும் ஊதி வந்திருக்கிறார். அதைத் திறந்தேன், உங்கள் கருங்கல்லின் கீழே எங்கள் கோஸ் பொன்னாக மின்னுகிறது. ஆகவே எதையும் அனுப்ப வேண்டாம். லியூபிங்காவிடம் பாதியை மட்டும் சொன்னேன்: எதிர்வீட்டுப் பீப்பாய் கெட்டுவிட்டது, நம்முடையது அருமை. "கெட்டுப் போச்சா? நிஜமாவா?" என்றாள். பேத்தி பிறந்த செய்தியைக்கூட அந்தக் குரலில் சொன்னதில்லை. "நம்மளதுல நல்லதா நாலு எடுத்து அவளுக்குக் குடுங்க. தின்னுட்டுச் சொல்லட்டும், யாரோட கைப்பக்குவம்னு." நாலையும் எடுத்து வைத்துவிட்டேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டத்தான் கை எழவில்லை. அவற்றுக்கு உயிர் ஊதியவர் உள்ளே இருக்கிறார்.