இடி இடித்தால் வரிசையில் நில்

இடி மின்னலைக் கண்டால் ஓடி ஒளிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெட்டவெளியில், ஒற்றைப் பனைமரத்தடியில், ஆட்களை உயரவாரியாக நிறுத்தி எண்ணிப்பார்த்த மனிதர் இந்தப் பூமியிலேயே விசில் அண்ணன் ஒருவர்தான். அவர் சொன்னபடி நின்றவர்களில் அடியேனும் ஒருவன். அதனால் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, இதை எழுதுகிறேன் என்பதே எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. 2012 வாக்கில் ஒரகடம் பக்கம் காருக்கு பம்பர் செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் பெயின்ட் ஷாப் ஆபரேட்டர், சொந்த ஊர் பென்னலூர். அதோடு கம்பெனி அவரை ஃபயர் வார்டனாகவும் போட்டிருந்தது. மாதம் ஒரு தடவை ‘ஃபயர் டிரில்’ எனும் தீ விபத்துப் பயிற்சி நடக்கும். விசில் ஊதினால் எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, ‘அசெம்ப்ளி பாயிண்ட்’ என்று பச்சைப் பலகை நட்டிருக்கும் திறந்தவெளியில் வரிசையாக நிற்கவேண்டும். வார்டன் ஆள் எண்ணுவார். கணக்கு சரியாகும்வரை ஒருவரும் நகரக்கூடாது.

மற்ற வார்டன்கள் இதை வேண்டாவெறுப்பாகச் செய்தார்கள். இவருக்கு அது மந்திரி பதவி. ஆரஞ்சு ஜாக்கெட்டையும் விசிலையும் கழற்றாமலே வீட்டுக்குப் போவார். எங்கள் சூப்பர்வைசர் கல்யாணத்தில், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் சமையல்காரரைக் கூப்பிட்டு, "எமர்ஜென்சி எக்ஸிட்டு எங்க கீது?" என்று விசாரித்தவர். சமையல்காரர் அது ஏதோ புதுப் பலகாரம் என்று நினைத்து, அடுத்த பந்தியில் வரும் என்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? காட்டுப் பாதையில் ஓடுகிற டிரெயில் ரன் ஒன்றுக்கு ஆள் வேண்டும் என்று எச்.ஆரில் அறிவித்தார்கள். ஓ.டி. என்னும் ஓவர்டைம் காசை விட்டுவிட்டு எவன் மலையேறி ஓடுவான்? இவர் ஒருத்தர்தான் போனார். முழங்காலில் கட்டும் கழுத்தில் மெடலுமாகத் திரும்பி வந்து, "ரோட்ல போறதுக்கு பஸ்ஸு கீது. கால் இன்னாத்துக்கு கீது? மண்ல ஓடத்தான்டா" என்று பிரகடனம் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் அறைக் கதவைத் தட்டினார்.

அறையில் நாங்கள் மூன்று பேர். நான் கோவில்பட்டி. மாரி சாத்தூர். ஜெபராஜ் நாசரேத். மூன்று பேருக்கும் ஓடவேண்டும் என்று ஒரு வேண்டுதலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தூங்கவேண்டும் என்று மட்டும் உண்டு. ஜெபராஜ்தான் எதிர்த்துப் பார்த்தான். "அண்ணாச்சி, ஒரு நாள் லீவு..."

"அண்ணாச்சின்னா மளிக கட வெச்சிருக்கறவன்டா. நான் வார்டன். எய்ந்திரு."

எழுந்தோம். ஏன் எழுந்தோம் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

முதல் ஓட்டமே கத்திரி வெயிலில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில். ஏன் இந்த நேரம் என்று கேட்டதற்கு, "பெயின்ட் அட்ச்ச பம்பர இன்னா பண்றோம்? ஓவன் அடுப்புல வெக்கறோம். அப்பதான் பெயின்ட்டு கெட்டியாவுது, பளபளன்னு கீது. மன்சனுக்கும் அதான்" என்றார். மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் பெயின்ட் ஷாப் அனுபவம் கிடையாது. கம்பெனி வருமென்று சும்மா போட்டிருந்த நிலங்கள் வழியாக, வேலிக்காத்தான் முள்ளுக்குள் புகுந்து ஓடினோம். பாதி தூரத்தில் மாரிக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. குட்டையில் கிடந்த ஓர் எருமையைப் பார்த்து விறைப்பாக நின்று, "சார், இன்னைக்கு ஓ.டி. முடியாது சார், உடம்பு சரியில்ல சார்" என்றான். எருமை அசைபோட்டது. "அண்ணே, சார் யோசிக்காருண்ணே" என்று எங்களிடம் குரலைத் தாழ்த்தினான்.

விசில் அண்ணன் மாரியை அலாக்காகத் தூக்கி எருமைக்குப் பக்கத்தில் தண்ணீரில் கிடத்தினார். தலையில் அள்ளி அள்ளி ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாரி, "நான் ஏன்ணே குட்டையில கெடக்கேன்?" என்று கேட்டான். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவனால் சூப்பர்வைசரை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

வெயிலோடு விட்டாரா? தை மாதம் பனிமூட்டத்தில் கிளப்பிக்கொண்டு போனார். நீட்டிய கை தெரியாத பனி. நால்வரும் கையைத் தட்டிக்கொண்டே ஓடவேண்டும், சத்தத்தை வைத்து ஆள் இருப்பது தெரியும் என்பது அவர் ஏற்பாடு. பார்த்தவர்கள் பஜனை கோஷ்டி என்று நினைத்திருப்பார்கள். ஏரிக்கரையில்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம். காலுக்கடியில் மண் போய்த் தார் வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு புத்தம்புது கார் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. பார்த்தால் வரிசை வரிசையாகக் கார்கள். சுவர் கட்டி முடிக்காத பக்கமாக யாரோ ஒருவருடைய கம்பெனிக்குள் புகுந்திருந்தோம்.

செக்யூரிட்டி ஓடி வந்தார். திருடன் என்று தர்மஅடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்ததும் சல்யூட் அடித்து, "கான்ட்ராக்ட் ஆளுங்களா? லேட்டா வர்றீங்களே" என்று கடிந்துகொண்டு, எங்களை ஓர் அறையில் உட்காரவைத்து, பாதுகாப்பு வீடியோ போட்டுவிட்டார். வழிந்த வேர்வையோடு, அரை டிரவுசரில், நாங்கள் ஹெல்மெட் அணிவதன் அவசியத்தைக் கற்றுக்கொண்டோம். முடிந்ததும் அங்கிருந்த அதிகாரி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். எங்கள் ஆள் கையைத் தூக்கினார்.

"சார், உங்க அசெம்ப்ளி பாயிண்ட் எங்க கீது?"

அதிகாரி மனங்குளிர்ந்து எல்லோருக்கும் டீ சொன்னார். வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. "இப்ப நாம எந்தக் கம்பெனிலண்ணே வேலை பாக்கோம்?" என்று ஜெபராஜ் கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத ஒன்றும் நடந்தது.

ஆவணி மாதம், ஒரு சாயங்காலம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஓர் ஏரி. தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஏரிக்கு நடுவே ஒரே ஒரு பனைமரம். கரையை ஒட்டி ரோடு, ரோட்டோரம் மேட்டில் ஒரு டீக்கடை. ஓடுவதற்கு முன்னால் விசில் அண்ணன் வழக்கம்போல அறிவித்தார். "இன்னா ஆனாலும் சரி, விசில் கேட்டா அல்லாரும் அந்த பனமரத்தாண்ட வந்துரணும். இன்னைக்கு அதான் அசெம்ப்ளி பாயிண்ட்."

"மழை வந்தாலுமாண்ணே?" என்றேன்.

"மழ வந்தாதான்டா அசெம்ப்ளி பாயிண்ட்டே. சும்மா கீறப்போ எதுக்கு வந்து நிக்கணும்?"

பதில் சரியாகவும் இருந்தது, எங்கேயோ தப்பாகவும் இருந்தது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டோம்.

மேற்கே கறுத்தது. காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அடுத்த நிமிடம் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. நான் அப்போது கரையோரம் இருந்தேன். நாலு எட்டு வைத்தால் டீக்கடை. மூளை உள்ள எவனும் அங்கேதான் போவான். ஆனால் விசில் கேட்டது. மாதாமாதம் பழகின கால் அல்லவா? என்னைக் கேட்காமலே திரும்பி, ஏரி நடுவிலிருக்கும் பனைமரத்தை நோக்கி ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து மாரியும் அதேபோல ஓடிவந்தான். இருவரும் மூச்சிரைக்க மரத்தடியில் நின்றோம்.

"உயரவாரியா நில்லுங்கடா!" என்றார் விசில் அண்ணன். இரண்டு பேர் உயரவாரியாக நின்றோம்.

தலைக்கு மேல் வானம் கிழிந்தது. "அண்ணே, மரத்துல விழும்ணே! டீக்கடைக்குப் போயிருவோம்ணே!" என்று மாரி கத்தினான்.

"டிரில்லுல மரத்த பத்தி ஒண்ணும் சொல்லலியேடா" என்றவர், எங்களைப் பார்த்தார். அப்புறம் மழைக்குள் பார்த்தார். அவர் முகம் மாறியதை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். "ஜெபராஜ் எங்கடா?"

ஜெபராஜைக் காணவில்லை. மறுபடி விசில் ஊதினார். இன்னும் பலமாக ஊதினார். மழைதான் பதில் சொன்னது.

"ஆளு கொறையுதுடா" என்றார். "வர்லன்னா வார்டன்தான் போய் தேடணும். நீங்க ரெண்டு பேரும் கரையோரம் பாருங்க. நான் இப்டிக்கா போறேன்."

நாங்கள் கரைக்கு ஓடினோம். கரையில் மதகுக்குப் பக்கத்திலிருந்த பழைய கான்கிரீட் அறைக்குள் கால் வைத்தபோது உலகமே வெள்ளையானது. காதில் ஓங்கி அறைந்தாற்போல் இடி விழுந்தது. கண் தெரிந்ததும் திரும்பிப் பார்த்தேன். பனையின் தலை எரிந்துகொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் ஒரு மரம் எரிவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விசில் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

மாரி என் கையைப் பிடித்துக்கொண்டான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த விசிலைச் சபித்திருக்கிறேன்! அன்று அது ஒரே ஒரு தடவை கேட்காதா என்று இருந்தது.

கேட்டது. ரோட்டுப் பக்கமிருந்து, ஈனசுரத்தில். ஓடிப்போய்ப் பார்த்தால், டீக்கடை வாசலில் விசில் அண்ணன் சொட்டச்சொட்ட நின்றுகொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் ஜெபராஜ், ஒரு கையில் டீ, ஒரு கையில் வடை.

"ஏன்டா வர்ல?"

"மழை பேஞ்சுதுல்லா அண்ணாச்சி..."

"விசில் கேக்கல?"

"கேட்டுது. நீங்க எப்பவும் ஊதுவீங்கள்லா?"

விசில் அண்ணன் எரிகிற பனையைத் திரும்பிப் பார்த்தார். ஜெபராஜைப் பார்த்தார். கை ஓங்கியது, பாதியில் நின்றது. "நீ வந்திருந்தினா நாம நாலு பேரும் அங்கியே நின்னுகினு இருப்போம். நீ வராத தொட்டுத்தான் அல்லாரும் உசுரோட கீறோம். இப்ப உன்ன அடிக்கறதா, உன் கால்ல வுழறதா? நீங்களே சொல்லுங்கடா, எனக்கு ஒண்ணும் புர்ல" என்று எங்களிடம் நியாயம் கேட்டார். எங்களுக்கும் புரியவில்லை. கடைக்காரர்தான் அவர் கையில் ஒரு வடையைக் கொடுத்து உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, வாய் நிறைய வடையோடு, "இனிமே இதான்டா அசெம்ப்ளி பாயிண்ட்டு. இன்னா ஆனாலும் டீக்கட" என்றார்.

அப்புறம் எங்கள் ஓட்டம் மெல்ல மெல்ல நின்றது. ஆளுக்கொரு கம்பெனி மாறினோம். நான் குன்றத்தூருக்குக் குடிபோனேன். ஃபோனில் பேசுவதுகூடக் குறைந்துவிட்டது.

2015 டிசம்பரில் அந்த மழை வந்தது. நான் ஒரகடத்தில் ஷிஃப்டுக்குப் போனவன் கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டேன். ஃபோன் செத்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைப் பற்றி ஆளுக்கொரு செய்தி சொன்னார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை. காலையில் மழை கொஞ்சம் விட்டதும் எல்லோரையும் வெளியே விட்டார்கள். குன்றத்தூருக்குப் பாதை இல்லை, பஸ் இல்லை, அறை இருக்கிறதோ இல்லையோ அதுவும் தெரியாது. எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்த பிறகுதான், கால் மறுபடியும் என்னைக் கேட்காமல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தேன்.

தூரத்தில் மேட்டின்மேல் ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது.

டீக்கடை மூடியிருந்தது. வாசல் கூரைக்கடியில் மாரி குளிரில் கைகட்டி நின்றான். ஜெபராஜ் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். கூரைக்கு வெளியே, தூறலில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு விசில் அண்ணன். ஜாக்கெட் சாயம் போய்விட்டிருந்தது.

"நேத்து சாயங்காலத்துல இருந்து இப்படியே நிக்காருடே" என்றான் மாரி. "அவரு வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. பொண்டாட்டி புள்ளைகள ஸ்கூல் முகாம்ல விட்டுட்டு இங்க வந்து நிக்காரு. நாங்க வந்துட்டோம்லா, போங்கண்ணேன்னா கேக்க மாட்டேங்காரு. ஆளு கொறையுதாம்."

மாரி இருக்கிறான். ஜெபராஜ் இருக்கிறான். வேறு யார்? எங்களுக்குத் தெரியாமல் புதிதாக யாரையாவது ஓட்டத்தில் சேர்த்திருந்தாரா?

"யாருண்ணே கொறையுது?" என்று கேட்டேன்.

அவர் என் தலையில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"கணக்கு சரியாப் பூட்ச்சு. கலைஞ்சி போங்கடா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மழத்தண்ணிடா, தொட்ச்சிக்கோ" என்றார்.