மோட்டார் எரிந்ததற்கான எட்டுக் காரணங்கள்

உலக வரலாற்றில் மறக்க முடியாத தீ விபத்துகள் மூன்று. ரோம் எரிந்தது. மாஸ்கோ எரிந்தது. 1992ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அன்னூருக்கு வடக்கே ஒரு பங்குக் கிணற்றின் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் எரிந்தது. முதல் இரண்டைப் பற்றியும் பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. மூன்றாவதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. இது பெரிய அநியாயம். ரோமும் மாஸ்கோவும் எரிந்தபோது பக்கத்தில் வரலாற்று மாணவர் எவரும் இருந்ததாகத் தகவல் இல்லை. மூன்றாவது தீயை மூட்டியவரே ஒரு வரலாற்று மாணவர்.

அவர் பெயர் திருமூர்த்தி. கோவையில் ஒரு கல்லூரியில் இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு. மோட்டாரை எரித்தவனுக்கு இவ்வளவு மரியாதை போதும்; இனி அவன் என்றே சொல்லலாம், அவனும் வருத்தப்பட மாட்டான். தன்னைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பொறியியல் கல்லூரிகள் அவன் மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தன. வணிகவியல் வகுப்பு இடமில்லை என்று கதவைச் சாத்தியது. வரலாறு மட்டும், எந்த அகதியையும் திருப்பி அனுப்பாத தாயுள்ளத்தோடு, வா என்று ஏற்றுக்கொண்டது. ஊரில் ஒருவரும் அதைக் குறைத்துப் பேசவில்லை. "படிக்கற புள்ளை" என்றார்கள். எதைப் படிக்கிறான் என்று கேட்டு அவனைச் சங்கடப்படுத்தவில்லை.

இனி அந்தத் துயர நாளுக்கு வருவோம்.

கிணறு அவன் அப்பா அரங்கசாமிக்கும் சித்தப்பா நாச்சிமுத்துவுக்கும் பொது. மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை; பகல் பன்னிரண்டு மணிக்கு முறை மாறும். யார் முறையில் மோட்டார் கெடுகிறதோ அவர்களே அதைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய், உள்ளே கருகிய செம்புக் கம்பிச் சுருளை மாற்றி, புதுக் காயில் கட்டிவர வேண்டும். இதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தைவிட உறுதியான சட்டம்.

மின்சாரம் குறைந்தால் ஸ்டார்ட்டர் பெட்டியின் சுவிட்சு தானாகவே விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். அப்படி விழாமலிருக்க அதில் ஒரு குச்சியைச் சொருகிவைப்பது கொங்கு நாட்டு வயல்கள் உலகத்துக்கு அளித்த பொறியியல் கொடை. அந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு: சொருகியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், உறுமினால் உடனே குச்சியை உருவ வேண்டும். அன்று அப்பாவின் முறை முடியச் சற்று நேரமே இருக்கையில், திருமூர்த்தி முதல் பாகத்தைக் கச்சிதமாகச் செய்தான். குச்சி கிடைக்காததால் தன் மர ஸ்கேலைச் சொருகினான். பிறகு புங்கமரத்தடிக்குப் போய், முதல் உலகப் போருக்கான காரணங்களை உரக்க மனப்பாடம் செய்யத் தொடங்கினான்.

மூன்றாவது காரணத்தின்போது மோட்டார் உறுமியது. அவன் குரலை உயர்த்தினான். ஐந்தாவது காரணத்தின்போது புகை வந்தது. யாரோ கரும்புச் சோகை எரிக்கிறார்கள் என்று நினைத்தான். ஆறாவது காரணத்துக்கு வந்தபோது மோட்டார் அமைதியாகிவிட்டது. படிப்பதற்கு வசதியாக இருந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஸ்டார்ட்டரில் கருகிப்போய் நின்றது ஸ்கேல். எரிந்தது போக மிச்சத்தில், ஊதா மையில், "மூர்த்தி, பி.ஏ. வரலாறு" என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

"வோல்டேஜ் பத்தலீங்ணா," என்றார் நாச்சிமுத்து, ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாப்பா, வோல்டேஜ்தான்," என்றார் அரங்கசாமி, ஸ்கேலைப் பார்க்காமலே.

"இந்த வருசம் காத்தே சரியில்லீங்க மாமா," என்றாள் சித்தப்பாவின் மனைவி தெய்வாத்தாள்.

"சின்னம்மா, அந்த ஸ்கேலு..." என்று இழுத்தான் திருமூர்த்தி.

"அது கெடக்குது உடுங் கண்ணு. படிக்கற புள்ளைக்கு ஸ்கேல் இல்லாமப் பத்துமா?" அவள் அதைப் பிடுங்கி, முந்தானையால் கரியைத் துடைத்து, அவன் கையிலேயே கொடுத்தாள்.

கொங்கு நாட்டின் நாகரிகம் அப்படிப்பட்டது. ஒருவன் முகத்துக்கு நேரே பழி சொல்வதைவிட, காற்றையும் மின்வாரியத்தையும் வைவதே பண்பாடு.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மோட்டாரை யார் தூக்குவது?

"தூக்குனா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்," என்றார் அரங்கசாமி வீட்டில், சோற்றைப் பிசைந்தபடி. "மோட்டார் உறுமுனது நம்ம முறையில. எரிஞ்சது பன்னெண்டு மணிக்கு மேல, அவன் முறையில. உறுமறதுக்கெல்லாம் காயில் கட்ட முடியுமா?"

இந்த வாதத்தைக் கேட்ட திருமூர்த்திக்குப் புல்லரித்தது. வியன்னா மாநாட்டில்கூட இப்படி ஒருவர் பேசியதாக அவன் படித்ததில்லை. ஆனால் அப்பாவின் பருத்தி எடுத்தாகிவிட்டது. அவருக்குத் தண்ணீர் அவசரமில்லை. சித்தப்பாவின் நேந்திரன் வாழை குலை தள்ளும் நேரம். அவர்கள் வீட்டின் அந்த வருடப் பிழைப்பு முழுவதும் அந்த வாழையில்தான் நின்றுகொண்டிருந்தது.

மனசு கேட்காமல், மறுநாள் கல்லூரியில் தன் பேராசிரியர் சுந்தரராஜுலுவிடம் போனான். அவர் மேசையில் உலக வரைபடம் விரிந்திருந்தது.

"சார், சோவியத் யூனியன் உடைஞ்சுபோச்சுன்னு பேப்பர்ல போட்டாங்களே, பரீட்சைக்கு எப்படிங்க சார் எழுதறது?"

"பல்கலைக்கழகத்துக்கு இன்னும் தகவல் வரலை. ஏப்ரல் வரைக்கும் அது இருக்கும்."

"சரிங்க சார். இன்னொரு சந்தேகம். ஒரு பெரிய அழிவு நடக்குதுங்க. ஒரே ஒருத்தனாலதான் நடந்துதுன்னு வெச்சுக்குங்க. அதை எப்படி எழுதறது?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதவே கூடாது. இளவரசரைச் சுட்டவன் பேரை எழுதினா அரை மார்க். அவன் வெறும் உடனடிக் காரணம். பொருளாதாரக் காரணம், அரசியல் காரணம், சமூகக் காரணம்னு எட்டு எழுது. பத்துக்குப் பத்து. தனி மனுசனால வரலாற்றுல ஒண்ணும் நடக்காதுப்பா."

இவ்வளவு ஆறுதலான வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அந்தக் கணத்திலிருந்து உலக வரலாற்றை அவன் உயிருக்கு உயிராக நேசித்தான். இத்தனை மன்னர்களும் தளபதிகளும் எப்படி நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதும் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, வரலாற்றுப் புகழ்பெற்ற "மோட்டார் ரூம் மாநாடு" கூடியது. திருமூர்த்தியே கூட்டினான், திருமூர்த்தியே தலைமை தாங்கினான், திருமூர்த்தியே பேசினான். எரிந்த மோட்டார் நடுவில் இருந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், தெய்வாத்தாள் மோர்ச் சொம்போடு வாசலில்.

"இந்த மோட்டார் எரிஞ்சதுக்கு எட்டுக் காரணங்கள் இருக்குதுங்க," என்று ஆரம்பித்தான். வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, மின்சாரக் கொள்கை, பணப்பயிர் மோகம், கூட்டுச் சொத்துரிமையின் உள்முரண்பாடு, இரும்பின் தரம், பாட்டனார் காலத்து எல்லைப் பிரச்சினை, உலகச் சந்தை, கடைசியாக, வெள்ளையர் ஆட்சி.

"வெள்ளைக்காரன் எப்படிங் கண்ணு இதுக்குள்ள வந்தான்?" என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

"மறைமுகமாங்க சின்னம்மா."

"அதானே பார்த்தேன். நேராத்தான் ஒருத்தரையும் காணமே."

"அருமையாச் சொன்னீங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து. "நம்ம கெணத்துக்குள்ள இவ்வளவு விசயம் இருக்கறது இத்தனை நாள் தெரியாமப் போச்சுங்க."

"படிக்கற புள்ளைல்ல," என்றார் அரங்கசாமி.

மாநாடு முழு வெற்றி. எல்லோரும் மோர் குடித்தார்கள். "வாரேனுங்ணா" என்று தம்பி ஒரு திசையில் போனார். "சரிப்பா" என்று அண்ணன் மறு திசையில் போனார். மோட்டார் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல், அணிசேரா நாடுபோல நடுவிலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் திருமூர்த்தி கல்லூரியிலிருந்து திரும்பியபோது கிணற்றுமேட்டில் செங்கல் இறங்கியிருந்தது. கிணற்றுக்கு நடுவே சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளப் போகிறார்களாம். பெர்லினில் இடித்துத் தள்ளிய சுவரை அன்னூர்ப் பக்கம் கட்டுகிறார்கள். இரண்டு பேரும் சண்டை போடவில்லை. ஒருவரையொருவர் "ங்க" போட்டே பிரிந்தார்கள்.

வாழைத் தோட்டத்தின் பக்கம் போனான். இலைகள் விளிம்பில் பழுத்துத் தொங்கின. இரண்டு மரம் குலையோடு மடிந்து கிடந்தது. தெருக்குழாயிலிருந்து தெய்வாத்தாள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகக் கொண்டுவந்து, குலை வந்த மரமாகப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குடம் தண்ணீரை வாழை மரம் குடித்ததாகவே தெரியவில்லை. சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. தனக்குத் தெரிந்ததைச் செய்தான்.

"சின்னம்மா, யோசிச்சுப் பார்த்தேனுங்க. ஒம்பதாவதா ஒரு காரணம்கூட இருக்குதுங்க."

தெய்வாத்தாள் தலையிலிருந்த குடத்தை இறக்கினாள். இடுப்பிலிருந்ததையும் இறக்கினாள். மூச்சு வாங்கியது.

"நெசமாவே காரணந்தான் வேணுமா உனக்கு?"

"ஆமாங்க சின்னம்மா."

"நீதான். ஸ்கேலைச் சொருகிப்போட்டு மரத்தடிக்குப் போயி கத்திக்கிட்டு உக்காந்திருந்தே. மோட்டார் எரிஞ்சுபோச்சு. வேறொண்ணுமில்லை."

எட்டுக் காரணங்களும் ஒரே மூச்சில் செத்துப்போயின. பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது என்னவோ, வெய்யிலில் தோள்மூட்டையை இறக்கியதுபோல ஒரு லேசு. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் அப்பாவின் மொபெட்டைத் தள்ளிவந்தான். அரங்கசாமி பின்னாலேயே ஓடிவந்து, "டேய், மோட்டாரைத் தூக்கிராதே, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்!" என்று கத்தினார்.

"மாதிரி இல்லீங்கப்பா, ஒத்துக்கிட்டேனுங்க," என்றான்.

செங்கல் குவியலுக்குப் பக்கத்திலிருந்த நாச்சிமுத்து, காதில் எதுவும் விழாதவர்போல, ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து நின்றார்.

மோட்டார் கனமாக இருந்தது. ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையைத் தெய்வாத்தாள் பிடித்தாள். பின் இருக்கையில் வைத்துக் கயிற்றை இறுக்கும்போது கேட்டான்: "ஏனுங்க சின்னம்மா, அன்னிக்கே தெரியுமல்லங்க? ஏன் இத்தனை நாளா ஒருத்தருமே சொல்லலே?"

அவள் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"படிக்கற புள்ளையாச்சே, நீயே சொல்லிப்போடுவேன்னு இருந்தோம்."