தொடாமல் செய்த யானை

"இந்த வருஷம் தொடவே மாட்டேன்" என்று இளவழகன் சபதம் செய்தபோது அம்சவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் வந்த நீர் வெங்காயத்தால் வந்தது என்று அவர் நினைத்தார். சிரிப்பை அடக்கினாலும் கண்ணில் நீர் வரும் என்பது கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"எதைத் தொடமாட்டீங்க?"

"பாப்பா செய்யப்போற பொம்மையை. சுண்டுவிரல்கூடப் படாது. வாயால சொல்லித் தருவேன், அவ கையால செய்யணும். அவ்வளவுதான்!"

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் தாங்களே ஒரு கைவினைப் பொருள் செய்து, பள்ளி திறந்ததும் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். 'தாங்களே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அந்த இரண்டு கோடும் தனக்காகத்தான் போடப்பட்டவை என்று இளவழகனுக்குத் தெரியும்.

போன வருஷம் நடந்தது அப்படி. மகள் தமிழ்நிலா அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் பேரைச் சொல்லி இளவழகன் பாபநாசத்து விதைக் கடையை மூன்று நாள் பூட்டிவிட்டு, தெர்மாகோலில் பெரிய கோயிலையே கட்டி முடித்தார். விமானம், நந்தி, மதில் சுவர், வாசலில் செருப்பு விடும் இடம் வரை ஒன்றும் குறையில்லை. கண்காட்சியில் கமருன்னிஸா டீச்சர் குனிந்து, "எப்படிம்மா செஞ்சே?" என்று கேட்டார்.

"தெரியாது டீச்சர். பக்கத்துல வந்தா உதைப்பேன்னு அப்பா சொல்லிட்டார்."

டீச்சர் பரிசுத் தாளில் 'தமிழ்நிலாவின் அப்பா, ஒன்றாம் வகுப்பு ஆ பிரிவு' என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைக்கு உரம் வாங்க வருகிறவர்கள்கூட, "ஒண்ணாப்பு ஆ பிரிவு உள்ளே இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த மானத்தை இந்த வருஷம் மீட்டே ஆகவேண்டும்.

"சரி, தொட்டுட்டீங்கன்னா?" என்றாள் அம்சவல்லி.

"தொட்டா, வருஷம் முழுக்கப் பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ் நான் கட்டுறேன். காலையில நீ அடுப்படிப் பக்கமே வரவேண்டாம்."

"தொடலைன்னா?"

"நானும் பஞ்சநதம் அண்ணனும் நாலு நாள் கொடைக்கானல் போறோம். எங்க இருக்கீங்க, சாப்பிட்டீங்களான்னு நீ ஒரு போன் பண்ணக்கூடாது."

இளவழகனுக்குச் சமையலில் தெரிந்தது வெந்நீர். அதையும் ஒருமுறை பாத்திரம் கருகும் வரை காய்ச்சியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் டிபன் பாக்ஸைப் பணயம் வைத்தார் என்றால், எவ்வளவு உறுதியாக இருந்திருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீங்க தொட்டீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் ஒரு நம்பிக்கைதான்."

"அதுவும் சரிதாங்க" என்று அம்சவல்லி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மறுநாளே வகுப்பு ஆரம்பமானது. தூர்வாரிய வாய்க்காலிலிருந்து ஒரு வாளி களிமண் வந்தது. கல்லும் நத்தைக் கூடும் பொறுக்கி, ஊறவைத்து, வெடிக்காமல் இருக்க இரண்டு கைப்பிடி உமி சேர்த்துத் தமிழ்நிலா மிதித்தாள். இளவழகன் முக்காலியில் உட்கார்ந்து கைகளைப் பின்னால் நீட்டினார்.

"அம்சா, துண்டை எடுத்துக் கட்டு."

"நெசமாவா?"

"நல்லா இறுக்கிக் கட்டு. எனக்கு என் கையைப் பத்தித் தெரியும்."

அம்சவல்லி கட்டினாள். கட்டும்போது அவள் காட்டிய உற்சாகம் கொஞ்சம் கூடுதல்தான்.

"அப்பா, நீ என்ன தப்பு செஞ்சே?" என்றாள் தமிழ்நிலா.

"இது ஒரு பயிற்சிம்மா. நான் தொட்டுட்டா அது என் யானை. நீயா செஞ்சாத்தான் கை வரும். எங்கே, முதல்ல ஒரு உருண்டை பிடி. இது உருண்டை இல்லடா, கொழுக்கட்டை."

"யானை சாப்பிட்டிருக்குப்பா. அதான் வயிறு அப்படி இருக்கு."

"சரி, இருக்கட்டும். கால் நாலும் ஒரே தடிமனா உருட்டணும்."

"ஒரு கால் நொண்டி."

"ஏன்?"

"விழுந்துடுச்சு."

இளவழகனின் விரல்கள் துண்டுக்குள் துடித்தன. அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது. ஊதிப் பார்த்தார், தலையை ஆட்டிப் பார்த்தார். அது போகவில்லை. அம்சவல்லி வாசற்படியில் நின்று கடைசிவரை வேடிக்கை பார்த்தாளே தவிர ஓட்டவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், மனுஷர் நன்றாகத்தான் சொல்லித் தந்தார். வெறுமனே ஒட்டினால் காது விழுந்துவிடும், இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறு, களிமண்ணைக் குழம்பாய்க் கரைத்துத் தடவு, பிறகு அழுத்து என்றார். முதல் நாள் மூன்று முறை விழுந்த காது நான்காவது நாள் நின்றது. "அப்பா, நிக்குது! அப்பா, நிக்குதுப்பா!" என்று குழந்தை குதித்தபோது, கை கட்டியிருந்ததால் அவரால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. தெர்மாகோல் கோயில் கட்டி முடித்தபோதுகூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

யானை தயாரானது. ஒரு காது வெற்றிலை மாதிரி, மற்றொன்று வடை மாதிரி. வால் தேவைக்குமேல் தடிமன். தும்பிக்கை மேலே தூக்கி ஒரு பக்கமாய்க் கோணி நின்றது. கொல்லைக் கொட்டகையில் பலகை மேல் வைத்து ஈரத்துணி போர்த்தினார்கள். கண்காட்சியன்று காலைதான் துணியை எடுக்கவேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று இளவழகனே சட்டம் போட்டார்.

கொட்டகையின் மூலையில் நாற்றங்காலுக்காக அவர் ஊறப்போட்டிருந்த குறுவை விதைநெல் மூட்டை இருந்தது. அதன் பக்கத்தில் மீதிக் களிமண் வாளியை வைத்து அம்சவல்லி நனைந்த சாக்கைப் போட்டு மூடினாள்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே, இது எதுக்கு?"

"எங்கேயாவது விரிசல் விட்டா பூச வேணும்லங்க?"

எவ்வளவு பொறுப்பானவள் என்று இளவழகன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பஞ்சநதம் கூப்பிட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் களிமண்ணால் ஒரு நாயனக் கோஷ்டியே உட்கார்ந்திருந்தது. தவில்காரருக்கு விரலில் கூடு மாட்டியிருந்தது. நாயனக்காரருக்குக் கன்னம் உப்பியிருந்தது. தாளக்காரர் தூங்கி வழிந்தார்.

"எல்லாம் என் பொண்ணு வானதி செஞ்சது தம்பி. நான் சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

"வானதி அத்தை வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாச்சேண்ணே?"

"போறதுக்கு முன்னாடியே செஞ்சுட்டா."

"ஈரமே காயலையே?"

"நிழல்ல காய வச்சேன்" என்றார் பஞ்சநதம், பத்து விரல் நகத்திலும் களிமண்ணோடு.

இளவழகன் வீட்டுக்குத் திரும்பும்போது மனம் நிலைகொள்ளவில்லை. தவில்காரரின் விரல் கூடு ஒரு கண்ணிலும் வடைக் காது மறு கண்ணிலும் ஆடியது. வாசலில் அம்சவல்லி புடவை மாற்றித் தயாராக நின்றாள்.

"நானும் பாப்பாவும் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிட்டு வர்றோம். வர முழுசா ரெண்டு மணி நேரம் ஆகும். கொட்டகைப் பக்கம் போகாதீங்க."

"நான் எதுக்குப் போறேன்?"

எங்கே போனாலும் எப்போது வருவாள் என்று சொல்லாத அம்சவல்லி அன்று ஏன் சொல்லிவிட்டுப் போனாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. டிவி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் அசையாமல் இருந்தார். பதினோராவது நிமிஷம், தொடத்தானே கூடாது, பார்ப்பதில் என்ன தப்பு என்று எழுந்தார்.

துணியைத் தூக்கினார். தும்பிக்கையின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். இது சபதத்தில் வராது, இது வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு ஒரே ஒரு விரலால் அழுத்தினார். தும்பிக்கை கையோடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாளியிலிருந்து களிமண்ணை எடுத்து நேராகத் தொங்கும் தும்பிக்கை ஒன்று வைத்தார். வெற்றிலைக் காதையும் வடைக் காதையும் பிய்த்துப் போட்டு, முறம் மாதிரி இரண்டு காது வைத்தார். வாலை இழைத்து நுனியில் குஞ்சம் விட்டார். மண் விரலில் நெருடியது. பாப்பா உமியைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பிய்த்ததையெல்லாம் வாழையடியில் புதைத்து, நகத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, டிவி முன்னால் பழையபடி உட்கார்ந்தார்.

"என்னங்க, வீடே சோப்பு வாசனையா இருக்கு?" என்றாள் அம்சவல்லி திரும்பி வந்ததும்.

"புழுக்கம். குளிச்சேன்."

"நல்லது."

அவ்வளவுதான் கேட்டாள். மறுநாளிலிருந்து, வெடித்துவிடக் கூடாதே என்று, காலையும் மாலையும் அவளே துணிமேல் தண்ணீர் தெளித்தாள். இளவழகன் பரண்மேல் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டார். கொடைக்கானலில் இன்று எத்தனை டிகிரி என்று போனில் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சொன்னார்.

கண்காட்சி நாள் வந்தது. மூன்று பேரும் கொட்டகைக்குப் போனார்கள். யானைமேல் கிடந்த துணி அங்கங்கே கூடாரம் போல எழும்பி நின்றது.

"எடுங்க" என்றாள் அம்சவல்லி.

இளவழகன் எடுத்தார். வயிறு, முதுகு, நொண்டிக் கால் எல்லாம் மண் நிறம். தும்பிக்கை மட்டும் பச்சைப் பசேல். இரண்டு காதிலும் விரற்கடை உயரத்துக்கு நாற்று. வால் குஞ்சம் காற்றில் ஆடியது.

"மீதிக் களிமண்ணுல ரெண்டு கைப்பிடி ஊறின விதைநெல்லைக் கலந்து வச்சேன்" என்றாள் அம்சவல்லி. "பாப்பா செஞ்ச இடத்துல ஒண்ணும் முளைக்கல பாருங்க. முளைச்ச இடமெல்லாம் உங்க கை. பதினாறு வருஷமா விதைக் கடை வச்சிருக்கீங்க, கையில நெருடுறது உமியா நெல்லான்னு தெரியலையா?"

"அது... பாப்பா பூசியிருக்கலாம்ல?"

"நான் தொடவே இல்லப்பா" என்றாள் தமிழ்நிலா. பிறகு யானையைச் சுற்றி வந்து பார்த்தாள். "என் தும்பிக்கை எங்கே?"

"இதோ இருக்கேம்மா. அப்பா நேராக்கி வச்சிருக்கேன்."

"இது இல்ல. நான் மேல தூக்கி வச்சிருந்தேன். கோயில் யானை நம்ம தலையில வச்சு ஆசீர்வாதம் பண்ணும்ல, அந்த மாதிரி. மூணு நாளாச்சு அதை வைக்க."

குழந்தையின் உதடு பிதுங்கியது. கோணல் என்று அவர் பிய்த்துப் போட்டது கோணல் இல்லை. பந்தயத்தில் தோற்றது இளவழகனுக்கு அந்த நிமிஷம் நினைவிலேயே இல்லை. தன் பெண் செய்ததை என்னவென்றுகூடக் கேட்காமல் பிய்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. கைகளைப் பின்னால் நீட்டினார்.

"அம்சா, துண்டு."

அவள் மறுபேச்சில்லாமல் கட்டினாள். நெல் கலக்காத களிமண் ஒரு உருண்டை பிளாஸ்டிக் பையில் அவளிடம் தனியாக இருந்தது. தமிழ்நிலா உருட்டினாள், கீறினாள், குழம்பு தடவினாள், அழுத்தினாள். இளவழகன் வாயைக்கூடத் திறக்கவில்லை. பத்தே நிமிஷத்தில் தும்பிக்கை மறுபடி மேலே எழுந்து அருமையாகக் கோணி நின்றது.

"காது பச்சையாவே இருக்கட்டும்ப்பா. அழகா இருக்கு" என்று பெரிய மனது பண்ணினாள்.

கண்காட்சியில் நாயனக் கோஷ்டியைச் சுற்றி ஒரே கூட்டம். எப்போது செய்தாய் என்று டீச்சர் கேட்டதற்கு வானதி, "நான் நேத்துதான் டீச்சர் ஊர்லேர்ந்து வந்தேன்" என்றாள். பஞ்சநதம் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பவில்லை. டீச்சர் அடுத்த மேசைக்கு வந்தார்.

"எப்படிம்மா செஞ்சே?"

தமிழ்நிலா சொன்னாள். கல் பொறுக்கியதில் தொடங்கி, கீறி ஒட்டியது, நிழலில் வைத்தது, தும்பிக்கை ஏன் மேலே இருக்கிறது என்பது வரை மூச்சு விடாமல் சொன்னாள். கூட்டத்தின் பின்னால் இளவழகன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ரொம்ப நல்லாருக்கு. இந்தப் பயிரு?"

"பயிரு முளைச்ச இடமெல்லாம் அப்பா செஞ்சது டீச்சர்."

கமருன்னிஸா டீச்சர் நிமிர்ந்து கூட்டத்தில் தேடி அவரைக் கண்டுபிடித்தார். "ரெண்டாம் வகுப்புக்கு வந்துட்டீங்க போல சார், வாழ்த்துகள்!"

திங்கட்கிழமை காலை இளவழகன் அடுப்பின் முன்னால் நின்றார். முதல் தோசை கல்லோடு ஒட்டியது. இரண்டாவது கரண்டியோடு ஒட்டியது. மூன்றாவது ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் மாவாகவே இருந்தது. வாசலில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. தமிழ்நிலா காலி டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்சா! ஒரே ஒரு தடவை வந்து இந்தத் தோசையைத் திருப்பிப் போடேன்!"

அம்சவல்லி வந்தாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பி முதுகைக் காட்டினாள். இரண்டு கையும் பின்னால் துண்டால் கட்டியிருந்தது. முடிச்சு தமிழ்நிலா போட்டது.

"நான் தொட்டுட்டா அது என் தோசைங்க. நீங்களா செஞ்சாத்தான் கை வரும்."