நெட் போன நல்ல நேரம்

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். எடுத்தவன் நான்தான். எடுக்க வைத்தவர் மேனேஜர்.

உதிரிபாகக் கிடங்கில் நான் சரக்குப் பொறுப்பாளன். எந்தப் பொருள் தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்றை மாதக் கடைசிக்குள் எழுதிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார், நான் லாரியில் பெட்டி ஏற்றுவேன். என் முதுகைப் பற்றி எனக்குத் தெரியும். அது நாற்காலிக்கென்றே செய்த முதுகு.

"கத்துக்கிறதுன்னா சும்மா இல்ல. முதல்ல நல்ல இடமாத் தேடிப் பிடிக்கணும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

தேடினேன். ஓர் இலவச வகுப்பு கிடைத்தது. அதைவிடச் சிறந்த வகுப்பு எது என்று ஒரு வீடியோ கிடைத்தது. அந்த வீடியோவை நம்பாதே என்று இன்னொரு வீடியோ கிடைத்தது. எல்லாவற்றையும் சேமித்தேன். முதலில் எந்தக் கம்ப்யூட்டர் மொழியைப் படிப்பது என்று இணையத்தில் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு கட்சிக்கும் மாறி மாறி லைக் போட்டேன். எழுதுவதற்கு வேண்டிய மென்பொருளையும் இறக்கி வைத்தேன். எழுதத்தான் நேரமில்லை.

"என்னங்க, எதுவரைக்கும் கத்துக்கிட்டீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல. சேர்த்துட்டிருக்கேன்."

"செருப்புக் கடையிலயும் இப்படித்தான். இருக்கிறதை எல்லாம் போட்டுப் பார்ப்பீங்க. வரும்போது பழைய செருப்போட வருவீங்க."

"இது படிப்பு. செருப்பு இல்ல."

"அதான் பயமா இருக்கு. செருப்புன்னா நானே வாங்கிட்டு வந்துடுவேன்."

மறுநாள் வீட்டில் நெட் போய்விட்டது.

"லைன்ல ஏதோ ரிப்பேராம். கம்பெனிக்காரர் வருவார்" என்றாள்.

"போன்ல பார்த்துக்கிறேன்."

"அதுல ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சே."

எங்கள் வீட்டில் பில், ரீசார்ஜ், ரிப்பேர் எல்லாம் அவள் இலாகா. நான் எதிர்க்கட்சிகூட இல்லை, பார்வையாளர். கிடங்கிலோ இணையத்துக்கு அனுமதி கிடையாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், உங்க நெட் பாஸ்வேர்டு கொஞ்சம் கிடைக்குமா?"

"எங்க வீட்லயும் நெட் இல்ல சார்."

"உள்ள ஏதோ பாட்டு ஓடுதே?"

"அது என் வீட்டுக்காரி பாடுறா."

"ஆம்பளைக் குரலா இருக்கே?"

"சார், நானும் இந்தத் தெருவுலதான் குடியிருக்கணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மனிதருக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ என்று பரிதாபப்பட்டேன்.

திரும்பி வந்தால் மேஜையில் ஒரு மெலிந்த புத்தகம். "லைப்ரரில எடுத்தேன். லைன் வர்ற வரைக்கும் இதைப் புரட்டுங்க" என்றாள்.

வேறு வழியில்லாமல் புரட்டினேன். பாடத்துக்குப் பாடம், நீயே எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பு என்றது புத்தகம். என் முதல் புரோகிராம் எனக்கு வணக்கம் சொன்னது. இந்த வீட்டில் எனக்கு யாராவது வணக்கம் சொல்லி எவ்வளவு காலமாகிறது! குளித்துக்கொண்டிருந்த மனைவியைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன்.

கிடங்கு புரோகிராம் மட்டும் படுத்தியது. மலைபோல் குவிந்து கிடக்கும் போல்ட் தீரப்போகிறது என்று அலறியது, ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும் பம்பு ஏராளம் என்றது. ஊகிக்காதே, ஒவ்வொன்றாகச் சோதி என்று புத்தகம் சொல்லியிருந்தது. சோதித்தேன். 'குறைவாக இருந்தால்' என்று வர வேண்டிய இடத்தில் 'அதிகமாக இருந்தால்' என்று போட்டிருந்தேன். திருத்தினேன். மாதக் கடைசியில் மேனேஜர் முன்னால் அது ஒழுங்காக ஓடியது. நாற்காலி தப்பியது. நாற்காலியைவிட முதுகு அதிகம் சந்தோஷப்பட்டது.

அந்த உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்து, ரிப்பேரை நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வயரைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. நெட் பெட்டியில் பச்சை விளக்கெல்லாம் எரிந்தது. பாஸ்வேர்டு மட்டும் மாறியிருந்தது.

"லைன்ல ரிப்பேரே இல்லையே?" என்றேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? அப்ப புத்தகம் நல்ல புத்தகம்தான்."

"பக்கத்து வீட்டுக்காரர்?"

"பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வரல."

"அது இருக்கட்டும். இந்தப் புத்தகம்தான் சரியா வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லைப்ரரில இருந்ததுல எல்லாம் முதல் பாடத்தை நானே போட்டுப் பார்த்தேன். எது எனக்குப் புரிஞ்சுதோ, அதை எடுத்துட்டு வந்தேன்."

நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, எனக்காக இவள் உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறாள். கோபம் வரவில்லை. நன்றிதான் வந்தது, அதுவும் நிறைய.

"நான் தேடினதுல உன்னை மாதிரி ஒரு வாத்தியார் கிடைக்கல. என் வேலையைக் காப்பாத்தினது நீதான்" என்று மனதாரச் சொன்னேன். "சரி, இப்ப அந்த பாஸ்வேர்டைச் சொல்லு."

அவள் பைக்குள் கையை விட்டு, செங்கல் கனத்தில் இன்னொரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இது ரெண்டாம் பாகம். இதை முடிக்கிற அன்னிக்கு லைன் சரியாயிடும்னு கம்பெனிக்காரர் சொல்லியிருக்கார்."