இழுபட்ட அளவுநாடா

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதே மனிதனுக்கு அழகு என்று தையற்காரர் தம் கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்லுவார். சொன்ன நாளில் ஒரு சட்டையையும் அவர் தைத்துக் கொடுத்ததில்லை என்பதால், கேட்பவர்கள் அதைப் பொதுவான அறிவுரையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவருடைய மகள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கேளிக்கைப் பூங்காவில், மேகத்தை முட்டிவிட்டுத் தலைகுப்புறப் பாயும் ராட்சச ரயிலின் வாசலில், அளவுப் பலகையில் போட்டிருந்த கோட்டுக்கு உயரம் போதாது என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுத அழுகையில் அவருடைய மனம் இளகியது. மனம் இளகும்போது வாயைக் கட்டிவைக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் அதுவரை படிக்கவில்லை.

"அழாதடா குட்டி. அந்தக் கோட்டை நீ எட்டுற அன்னைக்கு, அப்பாவும் நீயும் முதல் பெட்டியிலயே ஏறுறோம்!"

அளவுப் பலகையின் கோடு அப்போது அவள் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருந்தது. எட்டாத கோட்டின் பேரில் எந்த வாக்கையும் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைகள் வளரும் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

உயரம் என்றாலே அவருக்கு ஆகாது. முக்காலியில் ஏறி நின்றால் வீடு சுற்றும்; இறங்கிய பிறகும் சிறிது நேரம் சுற்றும். பல்பு மாற்றுவது, பரணில் இருந்து பெட்டி இறக்குவது எல்லாம் மனைவியின் வேலை. கீழே உட்கார்ந்து முக்காலியின் கால்களைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு 'அஸ்திவார வேலை' என்று அவரே பெயர் சூட்டியிருந்தார்.

இதற்கிடையில் குட்டி வளர்ந்தாள். மாதம் தவறாமல் கடையறைக்கு வந்து சுவரோடு ஒட்டி நின்று, "அளங்கப்பா" என்பாள். ஒரு மாதம் அவர் அளந்து பார்த்தபோது, அவள் அந்தப் பூங்காக் கோட்டை எட்டியிருந்தாள். மறுமாதம் மேசை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பழைய துணிநாடா வெளியே வந்தது. துணிநாடா நாள்பட்டால் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட நாடாவால் அளந்தால் ஆனையும் ஆட்டுக்குட்டியாகிவிடும். அதை நம்பித் தைத்த கோட்டுக்குள் ஒரு கல்யாண மாப்பிள்ளை மூச்சு விட முடியாமல் தவித்த பிறகுதான் அதற்கு ஓய்வு கொடுத்திருந்தார். இப்போது அது மறுபடியும் வேலைக்கு வந்தது, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக.

"இன்னும் ரெண்டு விரக்கடை வேணும் குட்டி."

"போன மாசமும் அதேதானப்பா சொன்னீங்க?"

"வளர்த்தின்னா சும்மாவா? அவசரப்பட்டா ஆகுமா?"

வாசற்படியில் நின்ற மனைவி இதைக் கேட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்கள் சொல்லும் நோயையும், சொல்லாமல் மறைக்கும் நோயையும் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாள். இரவுச் சாப்பாட்டின்போது, "வர்ற லீவு நாள்ல பூங்காவுக்குப் போவோமாங்க? குட்டி ரொம்ப நாளா கேக்குறா" என்றாள்.

"தாராளமா!" என்றார் தையற்காரர். "எட்டினா ஏறுவோம். எட்டலைன்னா என்ன பண்றது, சட்டம் சட்டம்தான்."

விடுமுறை நாள் காலையில் மகளின் தலையை அவரே படியப் படிய வாரிவிட்டார். இருப்பதிலேயே தேய்ந்த செருப்பை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் அன்பில் குட்டி பூரித்துப் போனாள். எல்லோரும் வாசலுக்கு வந்த பிறகு, மனைவி மட்டும் ஏதோ மறந்தவளைப் போல உள்ளே திரும்பினாள். முக்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"அங்க என்ன பண்ற? பஸ் போயிடும்!"

"மூலையில ஒரே ஒட்டடைங்க. கண்ணை உறுத்துது. இதோ வந்துட்டேன்."

பூங்காவில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். ஒலிபெருக்கி, காணாமல் போன குழந்தைகளையும் காணாமல் போன கணவன்மார்களையும் மாறி மாறி அறிவித்துக்கொண்டிருந்தது. ராட்சச ரயிலுக்கான வரிசை மலைப்பாம்பைப் போல மடங்கி மடங்கிக் கிடந்தது. தலைக்கு மேலே ரயில் பாயும்போதெல்லாம் நூறு பேர் ஒரே குரலில் பெற்ற தாயைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு லேசா தலை வலிக்குது" என்றார் தையற்காரர்.

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினாள்.

"வயித்தையும் என்னமோ பண்ணுது."

இன்னொரு மாத்திரை வந்தது.

"பையை யாராவது பாத்துக்கணுமே. நான் வேணா இங்கயே..."

"பையை நான் பாத்துக்கிறேன். வாக்குக் கொடுத்தது நீங்கதானே, நான் இல்லையே?"

அதற்கு மாத்திரை இல்லை. எனவே அவர் பண்பாட்டின் பக்கம் சாய்ந்தார். பின்னால் வந்தவர்களை எல்லாம், "நீங்க முன்னால போங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று வழிவிட்டார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா என்று ஒரு பெண்மணி நெகிழ்ந்தே போனாள். வழுக்கைத் தலையர் ஒருவரிடம் மட்டும்தான் அது பலிக்கவில்லை.

"நீங்க போங்க சார்."

"ஐயையோ, நீங்க போங்க சார்."

"பெரியவர் நீங்க. நீங்க முதல்ல."

"குழந்தையோட வந்திருக்கீங்க. நீங்கதான் முதல்ல."

இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். வழுக்கைத் தலையர் குரலைத் தாழ்த்தி, "உங்களையும் இழுத்துட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அதற்குள் குட்டி அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். "எங்க கிளாஸ்ல ஒருத்தரோட அப்பா கூட இதுல ஏறினதில்லையாம்ப்பா. எங்கப்பா ஏறுவார்னு நான் சொல்லிட்டேன்."

அளவுப் பலகை வந்தது. குட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அந்தக் கோட்டின் மேல்தான் அவருடைய உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற பெண் பலகையை ஒரு பார்வை பார்த்தாள்.

"தாராளமா போகலாம். கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை இருக்கே!"

குட்டி துள்ளிக் குதிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "ரெண்டு விரக்கடை குறையுதுன்னு சொன்னீங்களே. உங்க டேப் பொய் சொல்லுமாப்பா?"

ஊரில் அவருடைய தாமதத்தைக் குறை சொல்லாதவர் இல்லை. அளவைக் குறை சொன்னவர், அந்த மாப்பிள்ளையைத் தவிர, யாரும் இல்லை. மகளின் கண்களில் தம் உயரம் அங்குலம் அங்குலமாகக் குறைவதைத் தையற்காரர் பார்த்தார்.

"அது பழைய டேப்புடி" என்றாள் மனைவி, மிகச் சாதாரணமாக. "துணி இழுபட்டுப் போயிருக்கும். அப்பா என்ன பண்ணுவார் பாவம்?"

குட்டியின் முகம் மலர்ந்தது. மனைவி கணவரின் காதருகே குனிந்தாள்.

"அவ வளரவே இல்லைன்னா, இந்த வருஷத்துல ரெண்டு தடவை அவ பள்ளிக்கூடப் பாவாடையோட கீழ்மடிப்பைப் பிரிச்சு இறக்கித் தைச்சது யாருங்க?"

தையற்காரரின் வாய் எதைச் சொன்னால் என்ன, பாவாடை ஏறிப்போயிருப்பதைக் கண்டதும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. நாற்பது வருடப் பழக்கம் அவரைக் கேட்டுக்கொண்டா ஊசியை எடுக்கும்?

அவர் முதல் பெட்டியில் போய் உட்கார்ந்தார். இரும்புக் கம்பி மார்பை அழுத்தியது. ரயில் நிதானமாக, ஏதோ முகூர்த்த நேரம் பார்த்துப் போவதைப் போல, மேலே ஏறியது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்றபோது, ஒரு சின்னக் கை அவர் கையைத் தேடி வந்து பற்றிக்கொண்டது.

"அப்பா... பயமா இருக்குப்பா."

"அப்பா இருக்கேன்ல?" என்றார், கண்ணைத் திறக்காமலே. அன்றைக்கு அவர் சொன்ன பொய்களில் வருந்தத் தேவையில்லாதது அது ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்தது அவருக்கு நினைவில்லை. இறங்கியபோது குட்டி, "எங்கப்பா கத்தவே இல்லம்மா!" என்று பூங்கா முழுவதும் கேட்கும்படி அறிவித்தாள். கத்துவதற்குக் குரல் வரவில்லை என்ற உண்மையை அவர் வெளியிடவில்லை.

திரும்பும் பேருந்தில் அவருக்குக் குரல் வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரிடம் பாதி வழி வரை ரயிலை வர்ணித்தார். மீதி வழியில் தம்மை வர்ணித்தார். "உயரமா? அதெல்லாம் மனசுதான் சார். நமக்கு இமயமலையும் ஒண்ணு, இந்த சீட்டும் ஒண்ணு!" மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரங்களைக் கவனமாகப் பார்த்துவந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி கூடத்து விளக்கின் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை.

"அட, பல்பு போயிடுச்சுங்க" என்றபடி முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தையற்காரர் வழக்கம்போல அதன் கால்களைப் பிடிக்கக் குனிந்தார்.

"அதை குட்டி பிடிச்சுக்குவா. இமயமலைக்காரர் நீங்க ஏறுங்க."

"ஆமாம்ப்பா!" என்று குட்டி தரையில் சம்மணமிட்டு முக்காலியின் கால்களைக் கட்டிக்கொண்டாள். "அஸ்திவாரம் ஸ்ட்ராங்கா இருக்கு. ஏறுங்க!"

ஏறினார். கூடம் சுற்றியது. கையை மேலே நீட்டிப் பல்பைப் பிடித்தார். வாழ்நாளில் ஒரு பல்பையும் கழற்றியறியாதவர் ஆகையால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. தவறான பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பினார்; தளர்ந்திருந்த பல்பு இறுகியது.

பளீரென்று விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில், கூரையின் மூலையில் காலையில் கலைந்திருக்க வேண்டிய ஒட்டடை, ஓர் இழைகூட அறுபடாமல் ஆடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். மெல்லக் குனிந்து மனைவியைப் பார்த்தார். அவள் புதுப் பல்பு எதையும் கையில் வைத்திருக்கவில்லை. துடைப்பத்தைத்தான் வைத்திருந்தாள்.

"ஏறினது ஏறிட்டீங்க" என்று அதை மேலே நீட்டினாள். "அப்படியே அந்த ஒட்டடையையும் அடிச்சிட்டு இறங்கிடுங்க."